உரிமையாளர் இல்லாத மருந்து

வலிப்பு கண்டவர் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடுவார். ஐந்து நிமிடங்களைக் கடந்தும் நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்தானது. அடுத்தடுத்துத் தரப்படும் மருந்துகளுக்கும் அது அடங்காதபோது, நோயாளியை மயக்க மருந்தில் ஆழ்த்திச் செயற்கை சுவாசம் அளிக்கிறார்கள். அதன் பிறகும் 24 மணி நேரத்துக்கு மேல் வலிப்பு தொடர்ந்தால் மருத்துவர்களிடம் எஞ்சியிருக்கும் வழிகள் மிகச் சிலவே. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கோ நாள்தோறும் செலவு. நாள்தோறும் அதே பதில்.

அந்த நிலையில் முயன்று பார்க்கப்படும் ஒன்று, ஓர் உணவுமுறை. மாவுச்சத்தை ஏறத்தாழ விலக்கி, கலோரியில் சுமார் 90 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தே தருவது 'கீட்டோஜெனிக்' முறை. அப்போது உடல், குளுக்கோஸுக்குப் பதிலாகக் கீட்டோன்களை எரிபொருளாகக் கொள்கிறது. இந்த மாற்றம் வலிப்பை எவ்வாறு தணிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு இது மூக்குவழிக் குழாயில் திரவமாகச் செலுத்தப்படுகிறது. உடல் இளைக்க நம்மவர் பலர் கைக்கொள்ளும் 'பேலியோ'வோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

முறை புதியதன்று. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் இதை முன்மொழிந்தார். 1938-இல் ஃபெனிடாயின் மருந்து வந்ததும், மாத்திரை விழுங்குவது எளிது என்பதால் உணவுமுறை ஓரங்கட்டப்பட்டது. 1990-களில் தம் மகனின் வலிப்பு இதனால் நின்றதைக் கண்ட ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆப்ரஹாம்ஸ் ஓர் அறக்கட்டளை தொடங்கிய பின்னரே ஆய்வுகள் உயிர்பெற்றன. குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட லண்டன் ஆய்வு வெளிவந்தது 2008-இல். எண்பத்தேழு ஆண்டுகள்!

ஏன் இத்தனை தாமதம்? புதிய மருந்தைச் சோதிக்க நிறுவனங்கள் பெரும்பணம் செலவிடுவது, காப்புரிமை அதைத் திருப்பித் தரும் என்பதால். வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் காப்புரிமை கிடையாது. பலன் எல்லோருக்கும் உரியது. செலவை ஏற்க ஒருவரும் இல்லை. பொதுப் பண்டங்களைச் சந்தை போதிய அளவில் வழங்காது என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

பெரியவர்களின் நிற்காத வலிப்புக்கு இதுவரை உள்ள சான்று சிறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களின் தலைமையில் பல மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் 15 பேர் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையை முடித்த 14 பேரில் 11 பேருக்கு வலிப்பு நின்றது. ஆனால் ஒப்பிட மற்றொரு பிரிவு இல்லை. பிற மருந்துகளும் உடன் தரப்பட்டன. உணவுதான் நிறுத்தியது என்று அறுதியிட்டுக் கூற இந்த எண்கள் போதா. ஆபத்துகளும் உண்டு. புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தோடு இதைச் சேர்ப்பது அபாயகரமானது. கொழுப்பைச் சிதைப்பதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரவே கூடாது. சிரப்பில் உள்ள சர்க்கரையும் குளுக்கோஸ் பாட்டிலும்கூட முயற்சியைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு கிராமையும் கணக்கிடும் உணவியல் நிபுணர் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்க வேண்டும். உண்மையான செலவு அந்த ஆளுக்குத்தான்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 160 வளரிளம் பருவத்தினரையும் பெரியவர்களையும் கொண்டு, மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் உணவுமுறையைத் தில்லி எய்ம்ஸ் சோதித்தது. முடிவு 2023-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தோர், உணவுமுறைப் பிரிவில் ஏறத்தாழ 26 சதவீதம்; மருந்து மட்டும் உண்டோரில் 2.5 சதவீதம். இவர்கள் மயக்கத்தில் கிடந்தவர்கள் அல்லர். ஆகவே இந்த முடிவை அப்படியே அங்கு பொருத்த முடியாது. ஆனால் காப்புரிமை இல்லாத சிகிச்சையைச் சோதிக்க அரசு நிறுவனத்தால் இயலும் என்பது ஐயமின்றித் தெரிகிறது.

நிற்காத வலிப்போடு ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் வருவோர் சிலரே. தனித்தனியே எவராலும் விடை காண இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒரே நெறிமுறையில் இணைத்து, அவற்றில் உணவியல் நிபுணர்களையும் நியமித்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் போதிய எண்ணிக்கை சேர்ந்துவிடும்.