கணினிப் பாடமும் நம் பிள்ளைகளும்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினிக் கல்வி வேண்டுமா என்பது இனி விவாதத்திற்குரிய விஷயமன்று. எதைக் கற்பிப்பது, எவ்விதம் கற்பிப்பது என்பதே கேள்வி. நம் அங்கத்தினர்களிடையே இதுபற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. தறியையும் ஏரையும் நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இப்படிப்பு எதற்கு என்பர் ஒரு சாரார். தட்டச்சு செய்யவும் கடிதம் அச்சிடவும் தெரிந்தால் உத்தியோகம் கிடைத்துவிடும், அது போதும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் நெசவாளர்க்கு ஒரு வார்த்தை. கணினி நமக்கு அந்நியமான சரக்கன்று. 1804-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு அமைத்த கருவியில், எந்தப் பாவு இழை எழவேண்டும், எது கீழே நிற்கவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே தீர்மானித்தன. அதைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்திற்கும் அட்டைகளை வகுத்தார். 1843-ல் அந்த யந்திரத்தைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரும் ஜக்கார்டு தறியையே ஒப்புமையாகக் காட்டினார். துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகளால் முந்தானையில் மயிலை எழுப்புகிறவருக்கு, ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகளால் கணினி வேலை செய்கிறது என்பது விளங்காத மர்மமாகுமா?

இனி, தட்டச்சு போதும் என்பாருக்கு இங்கிலாந்தின் அனுபவமே விடை கூறும். அந்நாட்டுப் பள்ளிகளில் கடிதம் தயாரிப்பது, அட்டவணை போடுவது முதலியவையே நெடுங்காலம் பெரும்பாலும் பாடமாக இருந்தன. இந்நிலை திருப்திகரமன்று என்று 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டம்பர் முதல் அங்கே பாடத்திட்டம் மாற்றப்பட்டு, ஐந்து வயதுப் பிள்ளை முதற்கொண்டு நிரல் எழுதும் முறை கற்பிக்கப்படலாயிற்று. கருவியைக் கையாளும் பழக்கம் வேறு. கருவிக்குக் கட்டளையிடும் அறிவு வேறு.

நம் தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டில் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஏழை வீடுகளிலும் கணினி நுழைந்தது பெரும் பேறே. ஆயினும், நல்ல தறியை வாங்கித் தந்துவிட்டால் நெசவு தானே வந்துவிடுமா? கேரளத்தில் 2001-ல் தொடங்கிய பள்ளித் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதில் கருத்தைச் செலுத்தியது. விலையில்லாத கட்டற்ற மென்பொருளைத் தாய்மொழியில் வழங்கியது. நாமும் பின்பற்றத்தக்க வழி அதுவே.

யந்திரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆயிரம் அங்கத்தினர்களின் பெயர்கள் அகரவரிசையில் உள்ள பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடச் சொல்லுங்கள். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயிரம் முறைகூடப் பார்க்க நேரிடும். நடுவில் திறந்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மிஞ்சியதை மீண்டும் பாதியாக்கித் தேடினால் பத்து முறைக்குள் முடிந்துவிடும். இப்படி வழிவகுத்துச் சிந்திப்பதே கணினிக் கல்வியின் உயிர்நாடி.

இதில் நம் சங்கங்களின் நலனும் அடங்கியிருக்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2022-ல் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது. மின்னணுத் தேசிய வேளாண் சந்தை 2016-லேயே தொடங்கிவிட்டது. பேரேடு பெட்டிக்குள் சென்றுவிட்டால் அதைக் கேள்வி கேட்க வல்லவர் யார்? கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையசைப்பவன் அங்கத்தினனல்லன், வெறும் வாடிக்கைக்காரனே. வட்டி எவ்விதம் கணக்கிடப்பட்டது, விலை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்தாலன்றி, சங்கம் நம்முடையது என்னும் சொல் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆதலின் நாம் செய்யவேண்டியவை சில உண்டு. பொது நன்மைக்கென ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடுமாறு பொதுக்குழுவில் கோருவோம். பள்ளிக் கணினி பூட்டிய அறையில் தூசி படிந்து கிடந்தால் காரணம் கேட்போம். பாடம் தமிழில் நடைபெறவேண்டும். பெண் குழந்தைகளும் சமமாக அமரவேண்டும். நெசவுக் கூலியையோ பயிர்க்கடன் வட்டியையோ பிள்ளை முதலில் கையால் கணக்கிட்டு, பின்னர் அதற்கு நிரல் எழுதி, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கட்டும். ஒத்துவராத இடத்தில் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளையே நாளை நம் சங்கக் கணக்கைக் காக்க வல்லவன், வல்லவள்.