காய்ச்சலும் பாய்ச்சலும்: ஒரே வயலில் நான்கு ஆய்வுகள்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட வேண்டும் என்பது நம் ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டிய சேதி அல்ல. கிணற்றை நம்பி நெல் வைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அதே முறைதான் இப்போது துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயோடு, வேளாண் விரிவாக்க மையம் வழியாக மறுபடியும் வயலுக்கு வந்திருக்கிறது.

கடந்த குறுவையில் ஒரு கிராமத்தில் இந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். தண்ணீர்ச் செலவு குறையும், மீத்தேன் குறையும், கொசுவும் குறையும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் குறையும்னே சொல்றீங்க சார். எனக்கு என்ன கூடும்?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, விளைச்சல் குறையாது என்று ஏதோ சொல்லி முடித்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அவர் கேட்டதில் இருந்த நியாயம் வீடு வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

வயலில் நிற்கும் அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரை எத்தனை பேர் ஆராய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உழவியல் துறை நீரின் அளவைப் பார்க்கிறது. பருவநிலை ஆய்வாளர்கள் அதிலிருந்து எழும் வாயுவை அளக்கிறார்கள். பூச்சியியல் வல்லுநர்கள் அதில் நெளியும் கொசுப்புழுவை எண்ணுகிறார்கள். மண் வேதியியல் படித்தவர்கள் அந்த நீருக்குக் கீழே எந்த உலோகம் கரைந்து நெல்மணிக்கு ஏறுகிறது என்று தேடுகிறார்கள். நான்கும் நல்ல ஆய்வுகள்தான். ஆனால் நான்கும் தனித்தனி இதழ்களில் வந்து, தனித்தனித் துறைகளின் வழியாக, தனித்தனி அறிவுரைகளாக விவசாயியிடம் போய்ச் சேருகின்றன. மொத்தத்தில் வரவா செலவா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலை அவர் தலையில் விழுகிறது.

முதலில் உழவியல் கணக்கு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய முறை இது. ஓர் அடி நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, துளையுள்ள பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகும்படி இறக்க வேண்டும். உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட்டால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மேல்மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை நீர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்ட வேண்டும். நட்ட 1 முதல் 2 வாரத்துக்குப் பிறகே இதைத் தொடங்கலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் காயவிடக் கூடாது. இந்த எல்லைக்குள் நின்றால் பெரும்பாலும் விளைச்சல் குறைவதில்லை. தண்ணீர்ச் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை குறையும். எல்லையைத் தாண்டினால் கதை வேறு. டெல்டாவின் களிமண்ணில் மயிரிழை வெடிப்பைத் தாண்டி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுவிட்டால், அடுத்து கட்டும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த வெடிப்பு வழியாகவே இறங்கிவிடும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

அடுத்தது மீத்தேன். தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அந்த வாயு நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே பெருமளவு மேலே வருகிறது. பயிரே புகைபோக்கியாக வேலை செய்கிறது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுது உடனே நீர் நிறுத்தினால் மீத்தேன் கூடும். மண்வளத்துக்காக நாங்கள் சொல்லும் பரிந்துரை காற்றுக்குப் பாதகமாகும் இடம் இது. பருவத்தில் சில தடவை வயலைக் காயவிட்டால் ஏறக்குறைய பாதி மீத்தேன் குறையும் என்று பன்னாட்டுக் கணக்கீட்டு வழிமுறைகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் காய்ந்து நனையும் மண்ணில், போட்ட யூரியாவில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியேறும். மீத்தேனைவிட அது பல மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு. மேலுரத்தை அளவாகப் பிரித்து, காய்ந்த நிலத்தில் போட்டு, உடனே தண்ணீர் கட்டச் சொல்வது தழைச்சத்து வீணாகாமல் மண்ணுக்குள் இறங்குவதற்காக. இந்தக் குறிப்பைச் சொல்லாமல் குழாயை மட்டும் கொடுப்பது பாதி வேலை.

இந்த மீத்தேன் விஷயத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் செய்த ஒரு காரியத்தை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டும். 1990 வாக்கில், இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. பிற நாட்டு வயல்களில் அளந்ததை நம் பரப்பளவால் பெருக்கி வந்த கணக்கு அது. ஏ.பி.மித்ரா தலைமையில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் 1991இல் பல மாநில நெல் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்து நேரடியாக அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்குதான். நம் நெல் பரப்பில் பெரும்பகுதி மானாவாரி என்பதும், பல வயல்களில் தண்ணீர் தொடர்ந்து நிற்பதில்லை என்பதும், நம் மண்ணில் கரிமச்சத்து குறைவு என்பதும் முந்தைய கணக்கில் சேரவில்லை. இயற்பியல் படித்தவர்கள் சேற்றில் இறங்கியதால் நம் உழவர்கள்மேல் விழவிருந்த ஒரு பெரும் பழி நீங்கியது.

மூன்றாவது ஆய்வு பற்றி வேளாண் கூட்டங்களில் நான் கேட்டதே அரிது. மூளைக்காய்ச்சலில் ஒரு வகையான ஜப்பானிய மூளை அழற்சி, இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல் நமது வட ஆற்காடு மாவட்டத்தில். இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு சாக்கடையில் அல்ல, நெல் வயல் தண்ணீரில்தான் பெருகுகிறது. அது பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும். கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றிடமிருந்து கிருமியை எடுத்து, கிடைத்த நேரத்தில் மனிதரையும் கடித்துவிடும். பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் 1990களில் தமிழக நெல் வயல்களிலேயே இதை ஆராய்ந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று கொசு வளர்ந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வயல் ஒருமுறை காய்ந்தால் புழுக்கள் சாகும். காய்ச்சலும் பாய்ச்சலும் கொசுவையும் கட்டுப்படுத்தும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. யூரியா போட்ட பிறகு வயலில் கொசுப்புழுக்கள் கூடுவதையும், வேப்பம் பிண்ணாக்கை யூரியாவோடு சேர்த்து இட்டு நீர் நிர்வாகத்தையும் கடைப்பிடித்தால் அவை குறைவதையும் பதிவு செய்தார்கள்.

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அதனால் கொசு தானாகக் குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆய்வில் இட்டது பிண்ணாக்கு; மூட்டையில் வருவது தழைச்சத்து மெதுவாகக் கிடைப்பதற்கான மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று. குளம்படிக் குழிகளிலும் வாய்மடைப் பள்ளத்திலும் தண்ணீர் தேங்கினால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும். வயல் சமமாக இல்லாவிட்டால் இந்த முறை கொசுவிடம் தோற்றுவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சம்பாவைக் காயவிடுவது யார் கையிலும் இல்லை. இந்த நோயின் காலமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே நோய் தொடர்ந்து தலைகாட்டும் மாவட்டங்களில், ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒரு தவணை, பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை என்று அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசியின் இடத்தைக் குழாயோ வேம்போ நிரப்ப முடியாது. விதைப்புக்கு முன் நடத்தும் கூட்டத்தில் வேளாண் உதவி அலுவலர் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்தக் கூட்டத்துக்கே கிராம சுகாதார செவிலியரை அழைத்தால் இன்னும் நல்லது.

நான்காவது ஆய்வு தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் ஆர்செனிக் நஞ்சு இருக்கிறது. சேற்றில் காற்று இல்லாதபோது அது கரைந்து வேருக்குள் ஏறி அரிசிக்கு வருகிறது. வயலைக் காயவிட்டால் குறைகிறது. எனவே அங்கே காய்ச்சல் நல்லது. ஜப்பானில் நிலைமை நேர் எதிர். தொயாமா மாநிலத்தில் சுரங்கக் கழிவால் ஜின்சு ஆற்றில் காட்மியம் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. 1968இல் அந்நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. காட்மியம், வயல் காயும்போதுதான் அரிசிக்கு அதிகம் ஏறும். ஆகவே அங்கே மாசுபட்ட பகுதிகளில் கதிர் வரும் சமயத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். ஒரே பயிருக்கு இரண்டு ஊரில் இரண்டு எதிரெதிர் அறிவுரை, இரண்டும் சரி. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆற்றுப் பாசனம் நம்மிடமும் உண்டு. அங்கெல்லாம் மண்ணையும் அரிசியையும் சோதிக்காமல் ஒரே துண்டுப் பிரசுரத்தை எல்லா ஊருக்கும் அச்சடிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். முனைவர் பட்டத்துக்காக இரண்டு பருவம் நெல் வயலில் நீர் அளந்தவன் நான். தூர் எண்ணினேன், கதிர் எண்ணினேன், ஆயிரம் மணியின் எடை பார்த்தேன். மாலையில் வரப்பில் உட்கார்ந்து குறிப்பு எழுதும்போது கொசு கடித்துப் பிய்க்கும். அந்தக் கொசு எங்கிருந்து வருகிறது, எந்தப் பாத்தியில் அதிகம் என்று பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. அது என் துறை இல்லை என்று நினைத்தேன். வழிகாட்டியும் கேட்கவில்லை, வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு பார்த்திருந்தால் போதும், செலவு ஒன்றுமில்லை.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பம்புசெட் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம்; தண்ணீர் மிச்சமானால் அவர் பைக்கு ஒன்றும் வராது. டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவருக்கு மட்டும் கைமேல் பலன். வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, வரும் நாளில் கட்டாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அவரிடம் போய்க் காயவிடு என்பது வீண். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கூடுவது ஒன்று உண்டு, அது களை. தண்ணீர் நிற்காத வயலில் கோரையும் புல்லும் முந்திக்கொண்டு வரும். களையெடுப்புக் கூலி எவ்வளவு கூடியது என்பதை மீத்தேன் கட்டுரைகளில் தேடிப் பார்த்தால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆற்றில் தண்ணீர், காற்றில் சுத்தம், ஊரில் கொசுக் குறைவு ஆகிய லாபமெல்லாம் ஊருக்கும் உலகுக்கும். களைச் செலவு மட்டும் ஒரு தனி மனிதருக்கு. அப்படியானால் அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பதுதான் முறை. கார்பன் வரவு என்று சொல்லிக்கொண்டு ஒப்பந்தத்தோடு வரும் நிறுவனங்களிடமும், ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது, எத்தனை ஆண்டு, இடையில் விலக முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஒரு கோரிக்கை. நீர் நிர்வாகச் சோதனை எதை வைத்தாலும் அதே பாத்தியில் விளைச்சல், நீர், வாயு, கொசுப்புழு, அரிசியில் உலோகம், களைக் கூலி ஆகிய அனைத்தையும் அளக்க வேண்டும். தனித்தனியாக ஆறு சோதனை வைப்பதைவிட இது மலிவு. ஒரு துறையில் நல்லது இன்னொரு துறையில் கெட்டதாகும் இடம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வரும் குறுவையில் அந்த ஊரில் மூன்று வயல்களில் குழாய் இறக்குகிறோம். மூன்றும் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனம், சமப்படுத்திய வயல்கள். பம்பு ஓடிய நேரத்தையும் விளைச்சலையும் குறிப்பதோடு, இந்த முறை புழு எண்ணக் கரண்டியும் கொண்டுபோகிறோம். கேள்வி கேட்ட பெரியவரின் வயலும் அதில் ஒன்று. களையெடுப்புக் கூலிக் கணக்கைத் தானே நோட்டில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.