பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்!

நான் காலேஜில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இது. ராம் 4 ஜிபி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 இதில் இல்லை. "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார் கடைக்காரர். அப்பாவும் பென்ஷன் பணத்தை எடுக்கத் தயாரானார்.

நான் தடுத்தேன். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. ஸ்பீக்கர் பாடியது, பிரிண்டர் அச்சடித்தது. வை-ஃபை அடாப்டர் மட்டும் மக்கர் செய்தது. ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்ததும் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. பிறகே ஃபைல்களை பேக்கப் எடுத்து, இன்ஸ்டால் செய்தேன்.

என் கருத்து இதுதான்: லினக்ஸ் இலவசம் என்பதற்காக அவசரப்பட்டு இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். டேலி போன்ற விண்டோஸ் சாஃப்ட்வேர் கட்டாயம் தேவை என்றால் இந்த யோசனையே வேண்டாம். பிரவுசர், மெயில், கடிதம் போதும் என்பவர்களுக்குப் பழைய மெஷினே தாராளம்.

அப்பா இப்போது அதில்தான் பேப்பர் படிக்கிறார். பென்ஷன் பணம் பேங்கிலேயே இருக்கிறது!