அதிபருக்கு வெறும் பல்வலி

1893 ஜூலை 1. நியூயார்க் பக்கம் ‘ஒனைடா’ என்ற உல்லாசப் படகு போய்க்கொண்டிருந்தது. உள்ளே பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிய நாற்காலியில் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லண்ட். வாயில் புற்றுக்கட்டி. டாக்டர்கள் இடது மேல்தாடையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு ரப்பரில் ஒரு தாடை செய்து பொருத்தினார்கள். வெளியே சொன்னது: பல்வலி, கொஞ்சம் மூட்டுவாதம்.

அப்போது நாட்டில் கடும் பொருளாதார நெருக்கடி. வெள்ளி நாணயப் பிரச்சினையில் துணை அதிபர் எதிர் அணி. எனவே அவருக்கே தகவல் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் எட்வர்ட்ஸ் என்ற நிருபர் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றில் உண்மையை எழுதினார். கிடைத்தது பொய்யர் பட்டம். ஆபரேஷனில் இருந்த டாக்டர் கீன் வாய் திறந்தது 1917-ல். கிளீவ்லண்ட் இறந்தே 9 வருடம் ஆகியிருந்தது.

வெள்ளை மாளிகைக்கு வருகிறவர்களிடம் கொள்கை மாறும், கட்சி மாறும். இந்தப் பழக்கம் மட்டும் அத்தனை சுலபத்தில் மாறாது. கிளீவ்லண்டுக்கு முன்பிருந்த செஸ்டர் ஆர்தர் சிறுநீரக நோயை மறைத்தபடியே பதவிக்காலத்தை முடித்தார். 1919 அக்டோபரில் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம். எந்தக் கோப்பு அவர் கட்டிலுக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர் மனைவி எடித். கென்னடி தரப்பு 1960 தேர்தலின்போது அடிசன் நோயே இல்லை என்று சாதித்தது.

விபரீதத்தின் விளிம்புவரை போனது ரூஸ்வெல்ட் விஷயம்தான். 1944 மார்ச்சிலேயே இதயம் பலவீனம் என்று தெரிந்துவிட்டது. நவம்பரில் நான்காவது முறையாக ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12-ல் மறைந்தார். பதவியேற்ற பிறகுதான் ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டத்தை விளக்கிச் சொன்னார்கள். நான்கு மாதத்துக்குள் ஹிரோஷிமா.

சொன்னால் ஓட்டு போய்விடும் என்பது இவர்கள் பயம். ஆனால் 1955-ல் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது, விவரங்களை டாக்டர்கள் பத்திரிகைகளுக்குத் தாராளமாகவே கொடுத்தார்கள். மறு வருடம் அவர் அமோகமாக ஜெயித்தார்!

1967-ல் வந்த 25-வது அரசியல் சட்டத் திருத்தம், அதிபர் செயலிழந்தால் துணை அதிபரும் அமைச்சரவையும் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. மருத்துவ அறிக்கையை வெளியிட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2024-ல் பைடன் விவாத மேடையில் தடுமாறி, ஒரு மாதத்துக்குள் போட்டியிலிருந்து விலகியபோது இதே கேள்வி மறுபடி கிளம்பியது. அதிபரின் டாக்டர் பெரும்பாலும் ராணுவ அதிகாரி. முப்படைகளுக்கும் தளபதி யார்? அவருடைய நோயாளிதான்.