கடன் பாக்கியை இதில் எழுதாதீங்க!

பழைய சிலேட்டு திரும்பி வந்துவிட்டது, நோட்டு வேஷத்தில்! தாள் மாதிரி வழவழவென்று பிளாஸ்டிக் பக்கம். 'பிரிக்ஷன்' பேனாவால் எழுதலாம். ஈரத்துணியால் துடைத்தால் பக்கம் புதுசு. 'கரண்ட் பில் கட்டணும், காஸ் புக் பண்ணணும்' என்று தினமும் துண்டுச் சீட்டு கிழிக்கும் குமாஸ்தாக்களுக்குச் சரியான சாமான். வருஷா வருஷம் டைரி வாங்கி, ஜனவரி 10-ந் தேதியோடு மூடி வைப்பவர்களுக்கும்தான்!

மளிகைக் கடைக்காரர்கள் மட்டும் உஷார். கடன் பாக்கிக்குப் பழைய நீள நோட்டும் பால்பாயிண்ட் பேனாவுமே இருக்கட்டும். இந்த மை 60 டிகிரி சூட்டில் மறைந்துவிடும். சுடச்சுட டீக் கிளாசை மேலே வைத்தால் பாக்கிக்காரருக்குக் கொண்டாட்டம்! சட்டப் பத்திரங்களில் கையெழுத்துப் போட இது ஆகாது என்று பேனா கம்பெனியே சொல்கிறது. சூட்டில் மறைந்தது பிரீசரில் வைத்தால் திரும்பி வருமாம்! துணியால் துடைத்தது வரவே வராது.