விரும்பிய வண்ணம் ஒரு குழந்தை

ஜவுளிக் கடையில் சேலை எடுப்பது போல, "நிறம் சிவப்பாக இருக்கட்டும், கண் பெரிதாக இருக்கட்டும், கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கட்டும்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குழந்தை பெறும் நாள் ஒன்று வருமா? 'கெட்டிக்காரனாக' என்றுதான் எங்கள் பேனாவும் எழுதியது, கவனித்தீர்களா? எங்கள் அச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

விஞ்ஞானத்தைக் குறை கூற நாங்கள் வரவில்லை. மரபணுவில் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டித் திருத்தும் 'கிரிஸ்பர்' முறைக்காக 2020-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டௌட்னா இருவரும் பெண்மணிகள் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை உண்டு. அரிவாள் செல் சோகை என்னும் இரத்த நோய்க்கு இம்முறையில் அமைந்த சிகிச்சையைப் பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-இல் அனுமதித்தன. நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் பரம்பரையாக வரும் நோய் அது. அவர்களுக்கும் எட்டும் விலையில் அச்சிகிச்சை கிடைக்குமானால் அதைவிட மேலான தொண்டு எது?

ஆனால் நோயாளியின் இரத்தத்தைத் திருத்துவது வேறு, கருவையே திருத்துவது வேறு. கருவில் செய்யும் மாற்றம் பேரன் பேத்திகள் வரை தொடரும். ஹெ ஜியான்குயி என்னும் சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக 2018-இல் அறிவித்தார். மறு ஆண்டே அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பிள்ளை இறைவன் தரும் கொடை என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லுவார்கள். நம் நாடு அக்கொடையை எப்படிப் பெற்றுக்கொண்டது? பனிக்குட நீர்ச் சோதனை குழந்தையின் பிறவிக் குறைகளை அறியவே வந்தது. இங்கே அதையும் ஸ்கேனையும் வைத்துக்கொண்டு, பெண் கரு என்றறிந்து அழித்தார்கள். தடுப்பதற்கு 1994-இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 1961-இல் 976 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011-இல் அது 920-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஆணா பெண்ணா என்று அறிய மட்டுமே முடிந்த காலத்தில் இவ்வளவு நடந்ததென்றால், நிறமும் அறிவும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிற காலத்தில் என்னதான் நடக்காது?

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்குப் பெயர் 'போதும்பொண்ணு'. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயராம். அந்தப் பாட்டிதான் தையல் மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருடைய தந்தைக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்திருந்தால் பாட்டி ஏது, எங்கள் பெஞ்சில் அவருடைய பேத்திதான் ஏது?

கருவைத் திருத்துவதற்கு நம் நாட்டில் என்றேனும் விதிகள் வகுக்கக் குழு அமைத்தால், டாக்டர்களும் வக்கீல்களும் மட்டும் அதில் அமர்ந்தால் போதாது. போதும்பொண்ணு பாட்டிக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுகிறோம்.