பிணைப்புக்குள் புதையல் இல்லை

பெட்ரோலின் வேதிப்பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறதாம். எரித்தால் பிணைப்பு உடைந்து அது வெளியே பாய்கிறதாம். பள்ளிக்கூடம் போனவர்களில் எத்தனையோ பேர் மனத்தில் இந்தச் சித்திரம் அழியாமல் இருக்கிறது. அரைகுறையாகப் புரிந்துகொண்டது என்று கூட இதை மன்னிக்க முடியாது. இது முழுத் தலைகீழ்.

பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவருகிறது. ஹைட்ரஜன் எரிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 மோல் ஹைட்ரஜனையும் 1 மோல் ஆக்சிஜனையும் அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 1,370 கிலோஜூல் போகிறது. அதே அணுக்கள் சேர்ந்து நீராவி ஆகும்போது சுமார் 1,850 கிலோஜூல் வருகிறது. வரவில் செலவு போக மிஞ்சும் 480தான் நாம் காணும் வெப்பம். உடைத்ததில் கிடைத்தது ஒரு ஜூல்கூட இல்லை.

பிணைப்பே ஆற்றல் பெட்டகம் என்றால், நைட்ரஜன் மூலக்கூறுதான் உலகின் தலைசிறந்த எரிபொருளாக இருக்க வேண்டும். அதன் முப்பிணைப்பின் வலிமை மோலுக்கு 945 கிலோஜூல். காற்றில் 78 விழுக்காடு அதுதான். ஆனால் சிப்ஸ் பாக்கெட்டில் அடைக்கும் அளவுக்கு அது சாது. அந்தப் பிணைப்பைப் பிரித்து அம்மோனியா செய்ய, இரும்பு வினையூக்கியும் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே நைட்ரஜன் உருவாகும்போது நடப்பதோ வேறு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அந்த உப்பின் அணுக்கள் இடம் மாறி, நைட்ரஜனாகவும் நீராகவும் இறுகிச் சேர்ந்தபோது வந்த ஆற்றலே நகரத்தைச் சிதறடித்தது.

உயிரியல் பாடம் செய்யும் கெடுதல் இன்னும் பெரிது. செல்லில் உள்ள ஏடிபி என்ற மூலக்கூறின் ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ உடைந்து செல்லுக்குச் சக்தி தருகிறது என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கிறோம். உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மன் 1941இல் அந்தப் பிணைப்பை ஒரு நெளிகோடு போட்டுக் காட்டினார். கோடு நிலைத்தது, விளக்கம் காணாமல் போனது. உண்மையில் ஏடிபி நீரோடு வினைபுரிகிறது. பழைய பிணைப்பு உடையச் செலவுதான். புதிய பிணைப்புகள் உருவாவதாலும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த எதிர்மின்னூட்டங்கள் விலகுவதாலும், விளைபொருள்களை நீர் சூழ்ந்துகொள்வதாலும் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் மிஞ்சுகிறது.

இந்த மூடநம்பிக்கையை வைத்துத்தான் ‘தண்ணீரில் ஓடும் கார்’ விற்கிறார்கள். உடைத்தாலே லாபம் என்று நம்புகிறவனுக்கு, நீரைப் பிளந்து வண்டி ஓட்டலாம் என்பது ஏன் கசக்கப் போகிறது? நீரைப் பிளக்கக் கொடுத்ததற்கு மேல் மீண்டும் எரித்து ஒரு காசும் எடுக்க முடியாது. அப்படி ஒரு காரை ஓட்டிக் காட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயரின் நீர் எரிபொருள் கலம் மோசடி என்று 1996இல் ஒஹாயோ நீதிமன்றமே தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

ஆசிரியர்களே, ‘பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிப்படுகிறது’ என்று விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு இனி மதிப்பெண் போடாதீர்கள். அதற்கு முன், வகுப்பில் அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள்.